கீழக்கரையில் ஓர் ஆங்கிலப் பேச்சு வகுப்பு: தாய்மொழிப் பயிற்றுநரிடம் எதைக் கேட்டு வாங்குவது

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவரிடம் கற்றுக்கொண்டால் பேச்சு சீக்கிரம் வந்துவிடும் என்ற நம்பிக்கை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பலமாக இருக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி என்று வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களில் இந்த நம்பிக்கைக்குக் கணிசமாகப் பணமும் செலவாகிறது. இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ இருக்கும் தனிப் பயிற்றுநரை மணிக்கு இவ்வளவு என்று பேசி இணையத்தில் அமர்த்திக்கொள்வது இப்போது எளிது. ஆனால் இப்படித் தொடங்கும் பல வகுப்புகள் இரண்டாம் மாதத்திலேயே நின்றுவிடுகின்றன. பயிற்றுநர் சரியில்லை என்று இங்கே சொல்வார்கள். பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று அங்கே சொல்வார்கள். எங்கள் கணிப்பில் கோளாறு இரண்டு பக்கத்திலும் இல்லை, வகுப்பைக் கட்டிய விதத்தில் இருக்கிறது. தாய்மொழிப் பயிற்றுநரால் கொடுக்க முடிந்தது ஒன்று, அவரால் கொடுக்கவே முடியாதது ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்துக் கட்டினால் அதே ஆள், அதே பிள்ளைகள், அதே காசில் வகுப்பு நடக்கும்.

இங்கே விவரிக்கும் வகுப்பு ஓர் ஊரில் ஒரு தடவை நடந்ததன் பதிவு அல்ல. இந்தக் கரையில் இப்படி நடக்கும் வகுப்புகளில் திரும்பத் திரும்பத் தென்படுவதை ஒரே நிகழ்வாகத் தொகுத்திருக்கிறோம். அதனால் ஆட்களுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

யார், எதற்காக

படிப்பவர்கள் நான்கு பேர், இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். ஒருவர் கேட்டரிங் டிப்ளமோ, இருவர் கலைக்கல்லூரிப் பட்டம். நான்காமவர் திருமணமாகிக் கணவரோடு சார்ஜா போகவிருக்கும் பெண். அங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை தேடும் எண்ணம். ஆண்கள் மூவருக்கும் குறி ஒன்றுதான்: ஓட்டல் வரவேற்பு மேசை. நால்வரும் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவர்கள். செய்தித்தாளைத் தடுமாறாமல் வாசிப்பார்கள், விண்ணப்பம் எழுதுவார்கள், பேசத் தொடங்கினால் மூன்றாவது சொல்லில் நின்றுவிடுவார்கள். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் சொன்னால் வாசிப்பு பி1 என்ற இடைநிலை, பேச்சு அதற்கு ஒரு படி கீழே, ஏ2. தமிழ்நாட்டில் மிகச் சாதாரணமான இடைவெளி இது.

பயிற்றுநர் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பெண்மணி. செல்டா என்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ் வைத்திருப்பவர். அது ஏறக்குறைய 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று கற்பித்துக் காட்ட வேண்டும். தாய்மொழியாகப் பேசுவது மட்டுமே தகுதி என்று விளம்பரம் செய்பவரைவிட இந்தச் சான்றிதழ் உள்ளவருக்கு மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பேசத் தெரிந்தவர் எல்லாம் பேச வைக்கத் தெரிந்தவர் அல்ல.

மூன்றாவது ஆள்தான் முக்கியம்: உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். வளைகுடா ஓட்டலில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். பிள்ளைகளுக்கு அவர் 'அண்ணன்', இங்கிலாந்துக்காரர் 'மிஸ்'. முதல் மாதத்தில் அண்ணனுக்கு வேலை இணைப்பைப் போட்டுக் கொடுப்பதும் பணம் அனுப்புவதும் மட்டுமாக இருந்தது. பிழை அங்கேதான் தொடங்கியது.

நேரில் வரவழைப்பது

'வெள்ளைக்காரங்க யாரையாவது ஊருக்கே கூட்டிட்டு வந்து ஆறு மாசம் தங்க வெச்சா என்ன?' என்று பெற்றோர் கேட்பார்கள். ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் வரும் வெளிநாட்டவரைப் பார்த்து எழும் நியாயமான கேள்விதான். சுற்றுலா விசாவில் வந்தவர் காசு வாங்கி வகுப்பு எடுக்கக் கூடாது. வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் பொதுவாக 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது விதி. மொழி ஆசிரியர்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் ஆங்கில ஆசிரியர்களை அந்த விலக்கிலிருந்து வெளிப்படையாகவே விட்டுவிட்டார்கள். தனியாக நான்கைந்து வீட்டில் சொல்லிக்கொடுத்து வாழ நினைப்பவருக்கு இந்தக் கதவு திறக்காது. யாராவது 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பிடிபட்டால் வெளியேற்றப்படுபவர் பயிற்றுநர். தங்க வைத்த வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும். இணைய வகுப்பே ஒழுங்கான வழி.

முதல் மாதம்

வகுப்பு 'ஃப்ரீ டாக்' என்ற பெயரில் தொடங்கியது. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். மிஸ் அன்பாகத் தொடங்குவார்: வார இறுதி எப்படிப் போனது? ஒருவர் 'குட், மிஸ்' என்பார். அடுத்தவரும் 'குட், மிஸ்.' மூன்றாமவர், நம் வழக்கப்படி, 'மிஸ் சாப்பிட்டீங்களா' என்பதை ஆங்கிலத்தில் கேட்பார். நலம் விசாரிப்பு என்று புரியாமல் அவர் மதியம் என்ன சாப்பிட்டார் என்று விளக்குவார். பிறகு மௌனம். மௌனத்தைப் பொறுக்க முடியாமல் அவரே பேசுவார். ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தால் நேரத்தில் பாதிக்கு மேல் அவர் குரல்தான். மிச்சத்தை நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்கும்போதெல்லாம் நால்வரும் 'யெஸ் மிஸ்.' வகுப்பு முடிந்ததும் அண்ணனிடம் தமிழில் வருவது வேறு: 'அண்ணே, அவங்க வேகமா பேசுறாங்க, ஒண்ணும் பிடிபடல.'

இதைச் சோதிக்க ஒரு கடிகாரம் போதும். பத்து நிமிடப் பதிவை எடுத்து, பயிற்றுநர் பேசும் நேரத்தை மட்டும் நிறுத்தக் கடிகாரத்தில் கூட்டிப் பாருங்கள். நான்கு பேர் வகுப்பில் அது நான்கு நிமிடத்தைத் தாண்டினால் வகுப்பைத் திருத்தி அமைக்க வேண்டும். பயிற்றுநரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டார். முறையாகப் பயிற்சி பெற்றவருக்கு இது பழகிய அளவுகோல்.

எதற்குத் தாய்மொழிக்காரர்?

வளைகுடா ஓட்டலில் பிள்ளைகளுக்கு எதிரே நிற்கப்போகிறவரை யோசித்துப் பாருங்கள். மேற்பார்வையாளர் மலையாளி, பக்கத்து மேசையில் பிலிப்பைன்ஸ் பெண், சாமான் தூக்குபவர் நேபாளி, விருந்தாளி அரபியோ ரஷ்யரோ. அந்த இடத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் சிறுபான்மை. ஆகவே இங்கிலாந்து உச்சரிப்பைப் பெறுவது நோக்கமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லா நாட்டுக்காரர் காதிலும் குழப்பமில்லாமல் விழுகிற பேச்சு போதும்.

அதற்கும் தாய்மொழிப் பயிற்றுநர் உதவுவார், மூன்று விதத்தில். எந்த ஒலி எந்த ஒலியாகத் தப்பாகக் கேட்கிறது என்பதை அவர் காது உடனே சொல்லும். எந்த வாக்கியம் மரியாதையாக இருக்கிறது, எது அதட்டலாக இருக்கிறது என்பது அவருக்கு யோசிக்காமலே தெரியும். அவரிடம் தமிழுக்குத் தாவ முடியாது என்பதால் முட்டி மோதியாவது சொல்லித் தீர வேண்டும். இந்த மூன்றையும் உள்ளூர் ஆசிரியர் அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட முடியாது. ஆனால் தமிழ் வாய் ஏன் அப்படிச் செய்கிறது என்பதைத் தாய்மொழிப் பயிற்றுநரால் சொல்ல முடியாது. அது அண்ணன் வேலை.

ஒலிக்கோளாறு: நான்கு இடங்கள்

எல்லா ஒலியையும் திருத்த முனைந்தால் வருடம் போய்விடும். வேலைக்கு இடைஞ்சலாக நிற்பது நான்கு இடம்.

முதலாவது, ஒரு எழுத்து இரண்டு ஒலி. 'பாட்டு' என்பதில் ஒரு ப, 'பஸ்' என்பதில் வேறொரு ப. தமிழில் எழுத்து ஒன்றே, காது வேற்றுமையைப் பொருட்படுத்துவதும் இல்லை. பிள்ளைகள் குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கும்போது, பொட்டலம் கட்டுவதற்கான சொல்லும் திரும்புவதற்கான சொல்லும் இரண்டுமே 'பேக்' ஆகிவிடுகின்றன. உச்சரிப்பை எழுதி வைக்கக் கூடாது, பதிவு செய்துதான் வைக்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே விதியாக்குங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 'பாட்டு' என்னும்போது நம் உதட்டிலிருந்து காற்று வெடித்து வெளிவராது. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில், அழுத்தம் விழும் இடத்தில், பாட்டு-ப காற்றோடுதான் வரும். அந்தக் காற்று இல்லாவிட்டால் மிஸ் காதில் அது பஸ்-ப. 'காலை உணவைப் பொட்டலம் கட்டித் தரட்டுமா' என்று பையன் சரியாகத்தான் கேட்டான், அவருக்குப் புரியவே இல்லை. சரிசெய்ய ஒரு துண்டுக் காகிதம் போதும். கடை பில் அச்சாகிற மெல்லிய தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, உதட்டுக்கு முன்னால் மூன்று விரல் தள்ளித் தொங்கவிட வேண்டும். தாள் துள்ளினால் பாட்டு-ப, அசையாமல் நின்றால் பஸ்-ப. கேமராவுக்கு முன்னால் நால்வரும் தாளைப் பிடித்துக்கொண்டு பத்துச் சொல், தினம் மூன்று நிமிடம். டீ, காஃபி, டாக்ஸி, கீ என்று ஓட்டலில் தினம் வரும் சொற்களின் முதல் ஒலிக்கும் இதே சோதனை செல்லும். தாளை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அதற்குமேல் வைத்தால் பேச்சில் ஊதல் அதிகமாகிவிடும்.

இரண்டாவது, 'ஃபைவ்' என்பதில் வரும் ஃ சேர்ந்த ஒலி, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் 'திங்க்', 'திஸ்' ஒலிகள், 'ஜீரோ'வின் முதல் ஒலி. தமிழில் இவை இல்லை, அதனால் வராது என்று ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் பொதுவாகச் சொல்லும். கீழக்கரையில் அது முழு உண்மை அல்ல. மதரசாவில் முறையாக ஓதிய பிள்ளைக்கு இவை எல்லாமே ஏற்கெனவே வரும். அரபி எழுத்து வரிசையில் நான்காவது எழுத்து 'திங்க்' ஒலி, ஒன்பதாவது 'திஸ்' ஒலி, பதினொன்றாவது 'ஜீரோ' ஒலி, இருபதாவது ஃ ஒலி. நாக்கு நுனி பல்லுக்கு வெளியே தெரிய வேண்டும் என்று உஸ்தாது சிறுவயதிலேயே திருத்தியிருப்பார். மிஸ் இதை அறிய வழியில்லை. கண்ணாடி முன் நாக்கை நீட்டச் சொல்லி இரண்டு வகுப்பைச் செலவழித்தார். அண்ணன் ஒரு வாக்கியம் சொன்னதும் மூவருக்கு அன்றைக்கே வந்துவிட்டது: 'ஓதும்போது நாக்க எங்க வைப்பியோ அங்கயே வை.' மீதி ஒருவர் மீனவக் குடும்பத்துப் பையன், அரபி ஓதாதவர். அவருக்கு மற்ற மூவரும் வாய் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். கற்பவர் எதைக் கொண்டுவருகிறார் என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, எண்கள். 15, 50; 13, 30; 18, 80. அறை எண்ணும் கட்டணமும் புழங்கும் மேசையில் இது நேராகப் பணத்தில் கைவைக்கும். நாம் இரண்டையும் ஒரே சீரான அழுத்தத்தில் சொல்கிறோம். ஆங்கிலக் காது எழுத்தைவிட அழுத்தத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது: 50 என்றால் முன்பாதியில் அடி, பின்பாதி குறுகும், 15 என்றால் பின்பாதி நீண்டு 'ன்' தெளிவாக முடியும். பயிற்சிக்கு மிஸ் இருபது எண் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். பிறகு பிள்ளைகள் வாசிக்க அவர் எழுதுவார். அவர் எழுதியதுதான் மதிப்பெண். வேலையில் இதையும் நம்பிவிடாமல், எண்ணைச் சொன்ன கையோடு இலக்கங்களைப் பிரித்துச் சொல்வதைப் பழக்கமாக்க வேண்டும்: 'ஃபிஃப்டி, ஃபைவ் ஜீரோ.' அரபி விருந்தாளிக்கும் ரஷ்ய விருந்தாளிக்கும் இது ஒரே மாதிரி உதவும்.

நான்காவது, சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரம்: 'பஸ்ஸு', 'ரூமு', 'லைட்டு.' புரிவதற்கு இது பெரிய இடையூறு இல்லை, ஆனால் வேகமாகப் பேசும்போது சொல் எண்ணிக்கை கூடியதுபோல் காதில் விழும். சொல்லைத் தனியாகத் திருத்துவதைவிட அடுத்த சொல்லோடு இணைத்துச் சொல்லப் பழக்கினால் உகரம் தானாக உதிரும்.

ஆமாம், இல்லை

ஒலியைவிட அதிகச் சேதம் செய்வது இது. 'உங்க ரூம்ல தண்ணி வரலையா?' என்று கேட்டால் நாம் 'ஆமா, வரலை' என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ஆமா. ஆங்கிலத்தில் 'நோ, இட் இஸின்ட்' என்று தொடங்க வேண்டும். நிலைமை என்ன என்பதற்குத்தான் அங்கே பதில். விருந்தாளி 'ஹேஸின்ட் மை டாக்ஸி கம்?' என்று கேட்க, டாக்ஸி வராதபோது பையன் 'யெஸ்' என்றால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்பார். இலக்கணமாக விளக்கினால் மண்டையில் ஏறும், வாயில் வராது. மாற்று வழி: எதிர்மறைக் கேள்விக்கு யெஸ், நோ இரண்டையும் தடைசெய்துவிட்டு நிலைமையையே வாக்கியமாகச் சொல்ல வேண்டும். 'நாட் யெட், சார். இட் வில் கம் இன் டென் மினிட்ஸ்.' கூடவே தலையாட்டலையும் கவனியுங்கள். நம் பக்கவாட்டுத் தலையசைப்பு வெளியூர்க்காரருக்கு மறுப்பாகத் தெரியும்.

மரியாதையும் இதே இடத்தில் சறுக்கும். தமிழில் 'குடுங்க' என்பதிலேயே மரியாதை அடங்கியிருக்கிறது; வினைச்சொல்லின் வாலில் அது இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது வால் கழன்று 'கிவ் பாஸ்போர்ட்' மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளை பணிவாகத்தான் கேட்கிறது, எதிரே நிற்பவருக்கு அதட்டலாகக் கேட்கிறது. மிஸ் இதில் கண்டிப்பாக இருந்தார். மூன்றே அச்சு கொடுத்தார்: 'குட் ஐ ஸீ…' (பார்க்கலாமா), 'வுட் யூ லைக்…', 'ஐ'ம் அஃப்ரெய்ட்…' மேசையில் கேட்பது, கொடுப்பது, மறுப்பது மூன்றும் இதற்குள் அடங்கும். 'வாட் யூ வான்ட்?' என்று யாராவது சொன்னால் அவர் காது கேளாதவர்போல் இருப்பார், சரியான அச்சில் வரும்வரை. தாய்மொழிக்காரருக்குக் கொடுத்த காசு முழுதாக வசூலானது இந்தப் பகுதியில்தான் என்பது எங்கள் கருத்து.

வகுப்பைப் பிரித்துக் கட்டியது

மாற்றி அமைத்த வகுப்பு 50 நிமிடம். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடும். ஜூம் என்றால் 40 நிமிடம். அந்த வரம்புக்குள் அடங்குவதுபோல் திட்டமிட வேண்டும். முக்கியமான திருத்தம் கடைசியில் வருவதால், நடுவில் அறுந்தால் அதுதான் போகும்.

முதல் 5 நிமிடம் எண்கள். அடுத்த 8 நிமிடம் ஒரே ஒரு ஒலி அல்லது ஒரே ஒரு அச்சு. பிறகு 20 நிமிடம் சீட்டு விளையாட்டு. இதுதான் வகுப்பின் உயிர். அண்ணன் அரை மணி நேரம் முன்பே வாட்ஸ்அப்பில் இரண்டு சீட்டு அனுப்புவார். விருந்தாளிச் சீட்டு மிஸ்ஸுக்கு மட்டும்: 'இரண்டு இரவுக்குப் பதிவு செய்தேன், கடல் பார்த்த அறை, காலை 5 மணிக்கு விமானம்.' மேசைச் சீட்டு பையனுக்கு மட்டும்: 'பதிவில் ஓர் இரவுதான், கடல் பார்த்த அறை நிரம்பிவிட்டது, காலை உணவு 6:30-க்குத் தொடங்கும்.' ஒருவர் சீட்டு மற்றவருக்குத் தெரியாது. முரண்பாடு இருப்பதால் பேசாமல் தீராது, மனப்பாடமும் செல்லாது. சீட்டைத் தயாரிப்பது ஏன் அண்ணன் வேலை என்றால், வளைகுடா ஓட்டலில் எது தகராறாகும் என்று அவருக்குத்தான் தெரியும். மிஸ்ஸுக்கு இங்கிலாந்து ஓட்டல்தான் தெரியும்.

அடுத்த 10 நிமிடம் ஒருவர் தொடர்ந்து பேசுவது. மொழி கற்பித்தலில் 4-3-2 என்று அறியப்பட்ட பயிற்சி: ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், கேட்கும் ஆளை மாற்றி 3 நிமிடம், மறுபடி கேட்கும் ஆளை மாற்றி 2 நிமிடம். விஷயம் மாறாமல் நேரம் குறையும்போது தேடல் குறைந்து ஓட்டம் கூடும். விஷயத்தைத் தேர்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பேசுகிறவருக்கு நன்றாகத் தெரிந்ததாக, பயிற்றுநருக்குச் சுத்தமாகத் தெரியாததாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் நடுப்பகுதி மேலே தூக்கப்படுவதும், 1914-இல் வந்த பழைய பாலம் இரண்டு பக்கமாக வாய் பிளந்ததும், வலையில் சிங்கி இறால் சிக்கினால் எப்படிக் கழற்றுவது, கருப்பட்டி காய்ச்சுவது.

சார்ஜா போகவிருந்த பெண் எடுத்துக்கொண்டது தொதல் என்ற இனிப்பு. முதல் சுற்றை அண்ணனிடம் சொன்னார்: அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, பிறகு 'மிக்ஸ், மிக்ஸ், மிக்ஸ்', அதோடு நின்றுபோனது. இரண்டாம் சுற்றில் நிறுத்தாமல் கிண்டுவதற்கு 'கீப் ஸ்டர்ரிங்' பிடிபட்டது. மூன்றாம் சுற்றுதான் மிஸ்ஸுக்கு. அவர் தெரியாமல்தான் கேட்டார்: பதம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? பெண்ணுக்கு அது கை அறிந்த விஷயம். எண்ணெய் கக்கும், சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். சொல்லத் தேடித் தேடி, 'தி ஆயில் கம்ஸ் அவுட். இட் டஸின்ட் ஸ்டிக் டு தி பேன், இட் ரோல்ஸ்' என்றார். கையால் சுருட்டியும் காட்டினார். 'அன்டில்' என்ற சொல்லை மிஸ் அப்போதுதான் நுழைத்தார்: 'கீப் ஸ்டர்ரிங் அன்டில் இட் டஸின்ட் ஸ்டிக்.' தேவை எழுந்த கணத்தில் கொடுத்த சொல் தங்கிவிடுகிறது. பட்டியலில் கொடுத்தது தங்குவதில்லை.

கடைசி 7 நிமிடம் திருத்தம். பேசும்போது நடுவில் வெட்டக் கூடாது. மிஸ் குறித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பிழை, வகுப்புக்கு ஒரு பொதுப்பிழை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். பிழையைத் திருத்தி அவரே ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்தால் பிள்ளைகள் அதைத் திருத்தம் என்று உணர்வதே இல்லை, பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். பிள்ளை திரும்பச் சொன்னால்தான் முடிந்தது. 'புரிஞ்சுதா' என்ற கேள்விக்கும் தடை. பதிலாக, 'விருந்தாளி எத்தனை இரவு தங்குகிறார்?' என்று கேட்டால் புரிந்ததா இல்லையா என்று ஒரு நொடியில் தெரியும்.

நேரம், இணைப்பு, காசு

இரவு 8:30 பொருத்தமான நேரம். இஷா தொழுகை முடிந்திருக்கும், ஒலிபெருக்கிச் சத்தம் அடங்கியிருக்கும், இங்கிலாந்தில் மாலை 4 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னோக்கி வைப்பார்கள், அதன்பின் அதே வகுப்பு அவர்களுக்கு 3 மணி. மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி 4 மணி. இந்திய நேரத்தை நிலையாக வைத்து அவர் மாறிக்கொள்வார் என்று முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். பேசாவிட்டால் அந்த ஞாயிறுக்குப் பிந்தைய முதல் வகுப்பில் ஒரு பக்கம் காத்திருக்கும். அக்டோபர் கடைசி என்பது வடகிழக்குப் பருவமழையும் மின்வெட்டும் தொடங்கும் காலம் என்பதால் குழப்பம் இரட்டிக்கும். ரமலானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை இருப்பதால் இரவு வகுப்பு நடக்காது. மதியம் 2 மணி வைத்தால் அங்கே காலை 8:30.

நான்கு பேரும் ஒரே அறையில் ஒரே கைபேசியைச் சுற்றி உட்காரக் கூடாது. தள்ளி உட்கார்ந்தவர் குரல் போகாது, அவர் அடுத்த வாரமே பேசுவதை நிறுத்திவிடுவார். ஆளுக்கொரு கைபேசி, கம்பி போட்ட இயர்போன், முடிந்தால் ஆளுக்கொரு வீடு. ஒரே அறை என்றால் பேசுபவர் மைக் மட்டும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊளைச் சத்தம். மொட்டை மாடியில் உட்கார வேண்டாம். கடல்காற்று மைக்கில் மோதுவது காதுக்குத் தெரியாது, அந்தப் பக்கம் எதுவும் கேட்காது.

கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். மணிக்கு 15 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், பவுண்டு 115 ரூபாய்க்கு 1,725 ரூபாய். நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 430 சொச்சம். ஐந்தாவது ஆளைச் சேர்த்துச் செலவைக் குறைக்கத் தோன்றும், வேண்டாம். ஆளுக்குக் கிடைக்கும் பேச்சு நேரம் பயனற்ற அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். அதேபோல் பயிற்றுநர் பக்க நியாயத்தையும் மதிக்க வேண்டும்: தனியாகத் தொழில் செய்பவருக்கு மாதச் சம்பளம் இல்லை, வகுப்புக்குத் தயாராகும் நேரத்துக்குக் கூலி இல்லை, வராமல் போன மாணவரால் அந்த மணி நேரம் வீண். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம் என்று அவர் சொன்னால் அது பேராசை அல்ல, தொழில் வழக்கம். கல்யாணம், மௌத்து (சாவு) என்று நால்வரும் ஒரே நாளில் காணாமல் போகிற ஊர் இது. முன்கூட்டியே சொல்லும் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் கழித்து

சோதனையை மிஸ் வைக்கக் கூடாது; அவர் காது இந்த நால்வரின் பேச்சுக்குப் பழகியிருக்கும், தவறாகச் சொன்னதும் அவருக்குப் புரியும். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரின் உடன் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர், விருந்தாளியாக நடித்து ஆளுக்கு இரண்டு நிமிடம் அழைத்தார். கணக்கிட்டவை மூன்று: எண்ணைச் சரியாகப் பிடித்தார்களா, அவர் எத்தனை தடவை திரும்பக் கேட்க வேண்டியிருந்தது, புரியாதபோது பிள்ளை 'யெஸ் சார்' என்று மழுப்பியதா அல்லது திரும்பக் கேட்டதா. மூன்றாவதுதான் வேலையைக் காப்பாற்றுவது. முகம் தெரிந்த வீடியோ அழைப்பில் நால்வருமே திரும்பக் கேட்டார்கள். முன்பு ஒருவரும் கேட்டதில்லை.

குரல் மட்டும் கேட்கும் அழைப்பில் நிலைமை வேறு. வாயசைவும் முகமும் இல்லாதபோது கேட்டரிங் படித்தவரும் மீனவக் குடும்பத்துப் பையனும் பழையபடி மழுப்பினார்கள். மூன்று மாதமும் கேமராவைத் திறந்தே வைத்திருந்ததன் விளைவு அது. ஓட்டல் மேசையில் பாதி வேலை தொலைபேசியில்தான் நடக்கும். அடுத்த சுற்றில் சீட்டு விளையாட்டின் பாதியைக் கேமராவை அணைத்துவிட்டு, வாட்ஸ்அப் குரல் அழைப்பில், ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டு நடத்தினார்கள்; பின்னணியில் அண்ணன் கைபேசியில் ஓட்டல் வரவேற்பறைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.